கிளட்ச் இல்லாத வண்டியையே வாங்கு

குமரேசா,

நீ பதிவு செய்து வைத்திருக்கும் வண்டியை மாற்று. அதே நிறம், அதே இன்ஜின், அதே இரண்டு கதவு, எதுவும் மாற வேண்டாம். கியரை மட்டும் ஆட்டோமேட்டிக் என்று மாற்றிக்கொள். போனில் சொன்னால் சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவாய் என்று தெரிந்ததால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுதி முடித்ததும் படம் பிடித்து உனக்கு அனுப்புவேன். என்னைப் பற்றி ஊர் பார்க்கிற இடத்தில் எழுதினாயே, அதே இடத்தில், அதற்குக் கீழேயே, ஒரு வரி குறைக்காமல் இதையும் போட வேண்டும். போடுவாயா என்று கேட்கவில்லை. போடு என்கிறேன். பெற்றவன் என்ற உரிமையில் நான் உன்னிடம் இதுவரை எதையும் அதட்டிக் கேட்டதில்லை, இப்போது கேட்கிறேன்.

முதலில் நீ எழுதியதைப் பற்றிப் பேசுவோம். பெங்களூர் ஷோரூமில் நான் மேனுவல் வண்டியின் கியர் குமிழ் மேல் கை வைத்திருந்தபோது எனக்குத் தெரியாமல் படம் எடுத்து, அதற்குக் கீழே எழுதியிருந்தாய். ஜவ்வாது மலையில் ஜீப் ஓட்டிய என் அப்பாவின் கை இது, ஒரு மெக்கானிக்கின் அலட்சியம் அவருடைய காலைப் பறித்தது, ஆனால் கியர் மேல் அவருக்கு இருக்கும் காதலைப் பறிக்க முடியவில்லை, அவருக்காகவே நான் மேனுவல் வாங்குகிறேன், ஆட்டோமேட்டிக் ஓட்டுகிறவன் டிரைவரே இல்லை, அவனும் ஒரு பயணிதான் என்று. நன்றாகத்தான் எழுத வருகிறது உனக்கு. பெயர் தெரியாத ஊர்க்காரர்கள் எல்லாம் என் காலுக்காகக் கண்ணீர்ப் பொம்மை போட்டிருந்தார்கள். உன் அம்மா படித்துக் காட்டச் சொன்னாள். படித்தேன். "இவனுக்கு இதெல்லாம் யாரு சொன்னது?" என்று மட்டும் கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். யார் சொன்னது என்று அவளுக்கும் தெரியும். சொன்னது நான்தான்.

அந்த ஷோரூமில் நடந்த இன்னொன்றை நீ எழுதவில்லை. ஒரே வண்டியை இரண்டு விதமாகவும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தியிருந்தார்கள். நீ விற்பனையாளரிடம் டயர் அளவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாய். நான் ஆட்டோமேட்டிக் வண்டியின் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். உட்கார்ந்தேன் என்பதைவிட இறங்கினேன் என்பதுதான் சரி, சம்மணம் போட்டு உட்காருகிற அளவுக்குத் தாழ்வாக இருக்கிறது. கீழே பார்த்தேன். இரண்டே பெடல். பிரேக், ஆக்சிலரேட்டர். இரண்டும் வலது காலுக்கு. இடது பக்கம் காலை வைத்துக்கொள்ள ஒரு பலகை, அவ்வளவுதான். என் செயற்கைக் காலை அந்தப் பலகையின் மேல் வைத்தேன், அது அங்கே சும்மா கிடந்தது. அதற்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. வலது காலால் பிரேக்கை மிதித்தேன், இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்தேன். அதன் பின்னால் இரண்டு இதழ் மாதிரி இருக்கிறதே, இடது இதழை இழுத்தால் கியர் குறையும், வலது இதழை இழுத்தால் கூடும் என்று பக்கத்தில் நின்ற பெண் சொல்லிக் கொடுத்தாள். இருபத்திரண்டு வருடம் கழித்து ஒரு நாலு சக்கர வண்டியில் டிரைவராக உட்கார்ந்திருக்கிறேன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த நேரம் பார்த்து நீ வந்தாய். "இறங்குப்பா, இது பொம்மை. உனக்கு இதெல்லாம் புடிக்காது" என்று சொல்லி, கையைக் கொடுத்துத் தூக்கி, அந்தப் பக்கத்து வண்டியில் உட்கார வைத்தாய். அங்கே கிளட்ச் இருந்தது. அதை மிதிக்க எனக்குக் கால் இல்லை. நீ சொன்னபடி கியர் குமிழ் மேல் கையை வைத்துக்கொண்டேன். அந்தப் படத்தைத்தான் ஊர் பார்த்தது.

எனக்குக் கோபம் வந்தது. உன் மேல் அல்ல, முழுசாக உன் மேல் அல்ல. எனக்கு எது பிடிக்கும் என்று என்னைக் கேட்காமலே எல்லாரும் முடிவு கட்டிவிடுகிறீர்கள். கால் போன நாளிலிருந்து இப்படித்தான். அவர் உட்காரட்டும், அவர் இருக்கட்டும், அவருக்கு எதற்குச் சிரமம். பக்கவாட்டுச் சக்கரம் வைத்த ஸ்கூட்டரில் நான் கடைக்குப் போனாலே நின்று பார்க்கிற ஆட்கள் இருக்கிறார்கள். நான் இருந்துகொள்ளப் பிறந்தவன் அல்ல. லைசென்ஸ் அலுவலகத்தில் போன வாரம் விசாரித்துவிட்டேன். டாக்டர் சான்று வேண்டும், ஓட்டிக் காட்ட வேண்டும், கிளட்ச் இல்லாத வண்டியாக இருந்தால் விண்ணப்பம் கொடுங்கள் என்று சொன்னார்கள். விண்ணப்பத்தாள் என் பெட்டியில் இருக்கிறது. அறுபத்தோரு வயதில் எதற்கு என்று கேட்டால், எழுபதில் முடியாது என்பதால்தான்.

ஆட்டோமேட்டிக்கை இளக்காரமாகப் பேசாதே. நீ வேலைக்குப் போய்வருகிற ரோட்டில் என்னையும் கூட்டிக்கொண்டு போனாயே, அங்கே அடிக்கு ஒரு தரம் கிளட்சை மிதித்தால் ஆறு மாதத்தில் உன் முட்டி பேசும். வேகம்தான் பெரிது என்றாலும், மனிதன் காலைத் தூக்கிக் கையை நகர்த்தி முடிப்பதற்குள் அந்த ஆட்டோமேட்டிக் கியர்பெட்டி கியரை மாற்றி முடித்துவிடும் என்று விற்பனையாளர் சொன்னதை நீயும் கேட்டாய். மேனுவலில் சுகம் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஏற்றத்தில் இன்ஜின் திணறுகிற சத்தத்தைக் காதால் கேட்டு, சரியான நொடியில் மூன்றிலிருந்து இரண்டுக்குத் தள்ளும்போது உள்ளங்கையில் ஒரு சின்ன அதிர்வு வரும். அது எனக்கு இப்போதும் கனவில் வருகிறது. அந்தச் சுகத்துக்காக நீ மேனுவல் வாங்கினால் வாங்கிக்கொள், வாயே திறக்க மாட்டேன். உன் சம்பாத்தியம், உன் கால். ஆனால் எனக்காக என்று சொல்லி வாங்காதே. நான் உயிரோடுதான் இருக்கிறேன், எனக்கு ஞாபகச் சின்னம் வேண்டாம். மலை ரோட்டில் அந்த வண்டியின் வயிறு வேகத்தடையில் உரசும் என்று உனக்குக் கவலை இருந்தால் அதை விடு. எந்தத் தடையைக் குறுக்காக ஏற்ற வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

இதோடு நிறுத்தியிருந்தால் இதை உனக்கு மட்டும் எழுதியிருப்பேன். நிறுத்த முடியாது. நீ ஊருக்கு எழுதியதில் ஒரு மனுஷன் இருக்கிறார்.

எங்கள் புதூர்நாட்டு ஜீப் ஸ்டாண்டு டிரைவர்களிடம் ஒரு பழக்கம் இருந்தது. புதூர்நாட்டிலிருந்து திருப்பத்தூருக்கு இறங்கும்போது மேல் வளைவு தாண்டியதும் கியரை நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டு இன்ஜினையும் அணைத்துவிடுவோம். மிதந்து வருவது என்று அதற்குப் பெயர். டீசல் மிச்சம் என்றுதான் ஆரம்பித்தது. அப்புறம் அது டீசலுக்காக இல்லை. எந்த வளைவிலிருந்து மிதந்தாய், அடிவாரத்தில் எந்த இடம் வரை இன்ஜின் போடாமல் வந்தாய் என்று ஒருவரையொருவர் கேட்டு, அதில் யார் பெரிய ஆள் என்று பார்ப்போம். எல்லாரையும்விடத் தூரம் வந்தவன் நான். பெருமையாகத்தான் இருந்தது. இன்ஜின் சத்தம் நின்றதும் காற்றுச் சத்தம் மட்டும் கேட்கும், பின்னால் உட்கார்ந்திருக்கிற பெண்கள்கூடப் பேச்சை நிறுத்திவிடுவார்கள். அத்தனை பேர் உயிரையும் ஒரு பிரேக் பெடலில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் நிறுத்தியிருப்பேனா என்று தெரியவில்லை.

உனக்கு எட்டு வயது. அன்றைக்குக் காலையில் புளி மூட்டை ஆறும் ஆள் நாலு பேரும் ஏற்றிக்கொண்டு இறங்கினேன். வழக்கம் போல மிதந்தேன். பாரம் வழக்கத்தைவிட அதிகம். பாதி இறக்கத்தில் பிரேக் கருகுகிற வாசனை வந்தது, அடுத்த வளைவில் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது. கிளட்சை மிதித்து மூன்றாம் கியரைத் திணித்தேன். அந்த வேகத்தில் அது எப்படி விழும்? கரகரவென்று கத்தியது. மறுபடி திணித்தேன். மூன்றாவது தடவை திணிக்க நேரமில்லை. பள்ளத்தில் போகாமல் மலைப் பக்கம் ஒடித்து, பாறையில் மூக்கைக் கொண்டுபோய் இடித்தேன். பின்னால் இருந்தவர்களை மூட்டைகள் காப்பாற்றின, ஒரு அம்மாவுக்கு மட்டும் மணிக்கட்டு பிசகியது. என் இடது கால் கிளட்சின் மேலேயே இருந்தது. பெடலோடு சேர்ந்து அது உள்ளே மடங்கியது.

ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது ஸ்டாண்டு ஆட்கள் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். எனக்கு அடுத்த வண்டிக்காரன் சின்னசாமி, "இன்னாண்ணா ஆச்சு?" என்று கேட்டான். "கியர் தானா கழண்டு வந்துடுச்சுடா. போட்டுப் பாத்தேன், நிக்கல" என்றேன். யாரோ ஒருவர், "போன வாரம்தானே பாய் கியர்பாக்ஸை இறக்கி ஏத்தினாரு?" என்றார். நான் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டேன். நான் செய்தது அவ்வளவுதான் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர்கள் போன பிறகு உன் அம்மா ஒரே ஒரு தடவை, "மெய்யாலுமே கியர்தான் கழண்டுதா?" என்று கேட்டாள். நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். அவள் அதற்கப்புறம் கேட்கவே இல்லை.

நீ அலட்சியம் என்று எழுதினாயே, அந்த மெக்கானிக் ஜாபர் பாய். வாணியம்பாடிக்காரர். மலையடிவாரத்தில் ஷெட் போட்டு, மலை வண்டிகளை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நட்டை முடுக்கினால் இரண்டு தடவை தட்டிப் பார்க்கிற ஆள். என்னைப் பார்க்கச் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு வார்டுக்கு வந்தார். பையைக் கட்டில் ஓரத்தில் வைத்தார், "உசுரு இருக்குதில்ல, அது போதும்" என்று சொன்னார், போய்விட்டார். அடுத்த மாதத்திலிருந்து மலை வண்டி ஒன்றும் அவர் ஷெட்டுக்குப் போகவில்லை. பாய் கை வைத்தால் கியர் கழண்டுவிடும் என்று பேச்சு. வருடம் திரும்புவதற்குள் ஷெட்டை மூடிவிட்டு வாணியம்பாடியில் வேறொருவர் பட்டறையில் கூலிக்குச் சேர்ந்தார். சொந்தமாகப் பட்டறை வைத்தவர், இன்னொருவர் கொடுக்கிற ஸ்பானரை வாங்கி வேலை செய்தார். அதுவும் எனக்குத் தெரியும். தெரிந்தும் புதூர்நாட்டில் சாமை விதைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

உனக்குப் பன்னிரண்டு வயதில் திருப்பத்தூர் பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்திருக்கிறாய். நீயே வந்து சொன்னாய். பாய் உன்னை அடையாளம் கண்டு, அப்பா எப்படி இருக்கார் என்று விசாரித்து, பிஸ்கட் பாக்கெட் வாங்கிக் கொடுத்திருக்கிறார். "எங்கப்பா காலை எடுத்தவரு கிட்ட நான் எதுவும் வாங்க மாட்டேன்" என்று சொல்லி அதைக் கீழே போட்டுவிட்டு வந்ததாகச் சொன்னாய். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னாய். நான் உன் தலையைத் தடவிக் கொடுத்தேன், குமரேசா. அன்று சாயங்காலம் உனக்குப் பரோட்டா வாங்கிக் கொடுத்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த கேவலமான காரியம் எது என்று யாராவது கேட்டால், நியூட்ரலில் இறங்கியதைச் சொல்ல மாட்டேன். அந்தப் பரோட்டாவைச் சொல்வேன். இப்போது நீ எழுதியதைப் படிக்கும்போது, அந்தப் பிஸ்கட் பாக்கெட்டை நீ இன்னும் கீழே போட்டுக்கொண்டே இருக்கிறாய் என்றுதான் எனக்குப் பட்டது. போட வைத்தவன் நான்.

நீ எழுதிய மறுநாள் வாணியம்பாடிக்குப் பஸ் ஏறினேன். பாய் வீட்டைக் கண்டுபிடிக்க இரண்டு தெரு சுற்றினேன். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், தாடி முழுக்க வெளுத்திருந்தது. உட்காரு என்று சொல்லவில்லை. நீ எழுதியதை யாரோ அவரிடமும் காட்டியிருக்கிறார்கள், அது முகத்திலேயே தெரிந்தது. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். நியூட்ரலில் வந்ததை, கியர் கழன்றது என்று சொன்ன பொய்யை, கண்ணை மூடிக்கொண்டதை. அவர் கடைசிவரை கேட்டார்.

"எங்கிட்ட சொல்றதுக்கு இன்னா இருக்குது?" என்றார். "உன் வண்டியை இழுத்தாந்து என் ஷெட்டுலதானே போட்டாங்க. பிரிச்சுப் பாத்தேன். மூணாம் கியர் பல்லு நுனியெல்லாம் உடைஞ்சு கெடந்துச்சு. தானா கழண்டிருந்தா பல்லோட பக்கம் தேஞ்சிருக்கும், அது தேயல. நியூட்ரல்ல ஓடுற வண்டியில திணிச்சாதான் நுனி மட்டும் அப்பிடி உடையும். நீ ஆஸ்பத்திரியில படுத்திருந்த அன்னிக்கே எனக்குத் தெரியும்."

"அப்புறம் ஏன் பாய் யார்கிட்டயும் சொல்லல?"

"கால் போனவனைப் பொய்க்காரன்னு சொல்லிக்கினு திரிய எனக்கு வாய் வரல. நீயா சொல்வேன்னு பாத்தேன்."

மன்னிச்சிடுங்க பாய் என்று கேட்டேன். "அதை இன்னொரு நாள் பாப்போம்" என்றார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. கிளம்பும்போது, நீ என்ன வண்டி வாங்குகிறாய் என்று கேட்டார். சொன்னேன். "உனுக்கு எதுக்கு கிளட்சு?" என்றார். சிரித்த மாதிரி இருந்தது, நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. அப்புறம் சொன்னார்: "தெரிஞ்சவன் கிட்ட வந்து சொல்றதுல ஒண்ணும் இல்ல. தெரியாதவன் கிட்ட போய்ச் சொல்லு."

அதனால் ஒன்று சொல்லிவிடுகிறேன், வண்டி கையில் வந்த பிறகு மறந்துவிடப் போகிறாய். ஆட்டோமேட்டிக்கிலும் நியூட்ரல் இருக்கிறது. கியர் குமிழ் பக்கத்தில் N என்று போட்டிருப்பார்கள். இறக்கத்தில் அதைத் தொடாதே. இடது இதழை இழுத்துக் கியரைக் குறைத்து, இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும்படி இறங்கு. பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும். இதை உனக்குப் பன்னிரண்டு வயதிலேயே சொல்லியிருக்க வேண்டும், சொன்னால் ஏன் என்று கேட்டிருப்பாய்.

பாய் சொன்ன தெரியாதவர்கள் ஸ்டாண்டு ஆட்கள்தான் என்று எண்ணி, நேற்றுக் காலை அங்கே போனேன். மலையில்தானே அந்தப் பேச்சு பரவியது, மலையில்தான் அதை முடிக்க வேண்டும் என்று கிளம்பிவிட்டேன். பழைய ஆட்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். சின்னசாமியும் இருந்தான், இப்போது வேன் வைத்திருக்கிறான். இதுவரை எழுதியிருப்பதை எழுந்து நின்று சத்தமாகப் படித்தேன். பலா ஏற்றிக்கொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். திட்டுவார்கள், ரெண்டு அடிகூட விழலாம் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். ஒருத்தரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

கடைசியில் சின்னசாமிதான் வாயைத் திறந்தான். "எங்களுக்குத் தெரியும்ணா. அன்னிக்கு எனக்கு முன்னாடி எறங்கின வண்டி உன்னுது. மேல் வளைவுல உன் இன்ஜின் சத்தம் நின்னதைக் கேட்டேன்."

"தெரிஞ்சும் ஏன்டா பாய் ஷெட்டுக்குப் போகல?"

"நாங்களும் மிதந்துதானே வந்தோம். நீ நியூட்ரல்னு சொன்னா போலீசு எல்லார் வண்டியையும் நிறுத்துவான், ஜனங்க ஏற மாட்டாங்க. பாய் மேல போனா எல்லாருக்கும் பொழப்பு நடக்கும். நீ அப்பிடிச் சொன்னது எங்களுக்கு நல்லதாப் போச்சு."

யாரும் அதை மறுக்கவில்லை. அடுத்த வாரம் எல்லாருமாக வாணியம்பாடிக்குப் போகலாம் என்று ஒருவர் முனகினார். போனால் போகட்டும், நான் அவர்களுக்காக எழுதவில்லை. வீட்டுக்கு வந்து இந்தக் கடைசிப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததும், பாய் சொன்ன அந்தத் தெரியாதவன் யார் என்று யோசித்துப் பார்த்தேன். பாய்க்குத் தெரியும். ஸ்டாண்டுக்கே தெரியும். உன் அம்மாவுக்கு நான் சுவர்ப் பக்கம் திரும்பியபோதே தெரியும். இருபத்திரண்டு வருடமாக இந்த மலையில் நான் சொன்னதை நம்பிக்கொண்டிருந்தது நீ ஒருவன்தான். நம்பியதால்தான் ஊருக்கே எழுதினாய்.

இப்போது இதையும் நம்பு.

அப்பா